கண்ணில் எடுத்த புழுவும் தங்கராசு அண்ணாச்சியும்

நேற்றுக் காலை அறுவை அரங்குக்குள் நுழையும் நேரத்தில் செவிலியர் ஓடிவந்தார். "டாக்டரம்மா, நம்ம தங்கராசு அண்ணாச்சி தவறிட்டாங்களாம். கதவு தெறக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்திருக்காங்க." எந்நேரம் உயிர் பிரிந்தது என்று சொல்லக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை.

தூத்துக்குடியில் எங்கள் சிறிய கண் மருத்துவமனையின் ஆய்வகம் முழுவதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. உடன்குடிக்காரர். மனைவி இறந்தபின் முத்தையாபுரத்தில் தனியாக வாழ்ந்தார். தனியாக என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஏன், மணி இருக்காம்லா?" என்பார். மணி அவருடைய நாய். மதியச் சாப்பாட்டில் ஒரு மீன்துண்டை அதற்கென எடுத்து வைப்பார். நாங்கள் கேலி செய்தால், "ஒங்களுக்கு ஏன் வவுறு எரியுது?" என்று கேட்பார்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், அவருடைய தெருவிலிருந்து செல்வி என்ற உப்பளத் தொழிலாளி வந்தார். "கண்ணுக்குள்ள என்னமோ நெளியுது டாக்டரம்மா." பார்த்தேன், கண் சிவந்திருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. உப்பளத்து வெயிலின் கண்கூச்சம் என்று சொட்டு மருந்து எழுதினேன். மூன்றாம் முறையும் அதையே சொல்லிக்கொண்டு வந்தபோது, எரிச்சலில் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சீட்டோடு அண்ணாச்சி என் அறைக்கு வந்து நின்றார். "அவ பொய் சொல்லுதவ இல்லம்மா. உள்ள ஒண்ணு இருந்தா அது எடம் மாறிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் உக்கார வச்சுப் பாருங்க."

காத்திருந்தேன். விழியின் வெள்ளைப் பகுதியில், மெல்லிய தோலுக்கடியில், நூல்போல ஒன்று நெளிந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றே வெளியே எடுத்தோம். செல்வியின் கண் பிழைத்தது.

அண்ணாச்சி அதை நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். நாயின் உடம்பில் வாழும் புழு அது. நாயைக் கடித்த கொசு மனிதரையும் கடித்தால் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பெயர் எழுதாத குப்பி ஒன்றில் ரத்தம் கொண்டுவந்து அவரே சோதித்தார். மணியின் ரத்தம். அதில் குஞ்சுப் புழுக்கள் இருந்தன. மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? நேராக என்னிடம் வந்தார். "நம்ம மணிக்கிட்ட இருக்கும்மா. தெருவுல சொல்லணும். மாட்டாஸ்பத்திரில மருந்து குடுத்திருக்காங்க, சரியாயிரும்."

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் பேசப் போனேன். கூட்டத்தைக் கண்ட உற்சாகம் எனக்கு. புழுவின் படத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தெருவுல வளக்குற நாய் ஒண்ணோட ரத்தத்துலயே இது இருக்கு" என்றேன். "யார் வீட்டு நாய்?" என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சி தாமாகவே கையைத் தூக்கினார். கொசுவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நான் சொல்லத் தொடங்குமுன் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

என்னைப் பேருந்து ஏற்றிவிட்டு அவர் திரும்பியபோது வீட்டில் மணி இல்லை. யார் பிடித்தது, எங்கே கொண்டுபோனது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் உப்பளங்களிலும் துறைமுகச் சாலையிலும் தேடி அலைந்தார். நான்காம் நாள் வேலைக்கு வந்தார். "நீங்க சொன்னது நெசந்தாம்மா. மருந்த மொதல்ல சொல்லியிருக்கலாம்." அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டை ஆய்வகத்திலேயே ஒற்றை ஆளாக உண்ணத் தொடங்கினார். நானும், பாவி, மன்னிப்பை நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருடங்களைக் கடத்திவிட்டேன்.

நேற்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். செல்வி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கொசுவலை கட்டியிருந்தது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று செல்வியிடம் கேட்டேன்.

"மணிக்கு டாக்டரம்மா. மருந்து முடியுத வரைக்கும் அதக் கொசு கடிச்சு இன்னொருத்தர் கண்ணுக்குக் கொண்டு போயிரக் கூடாதுன்னு அவுகளே தச்சது. நீங்க பேச வந்த அன்னைக்குக் காலையிலதான் கட்டுனாவ. இன்னைக்கு வரைக்கும் அதத் தூக்கிப் போடவே இல்ல."

வலையைத் தொட்டுப் பார்த்தேன். தூசி இல்லை. துவைத்துத் துவைத்துக் கட்டியிருக்கிறார்.

அண்ணாச்சி, மன்னிப்புக் கேட்க நான் நேற்றுத்தான் வந்தேன். போய் வாருங்கள்.