ஆமைக்கு வைத்த பெயர்

அத்தையின் பெண்குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோனது. எங்கள் குடும்பத்தில், சபைப் போதகரான ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கும்வரை பிள்ளையின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். பெற்றவர்கள் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். அதனால் அத்தையின் ஊரான நாசரேத்தின் கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்னச் சிலுவையில் 'பாப்பா' என்று மட்டும் எழுதினார்கள்.

துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று அப்பா தன் தங்கையைத் தூத்துக்குடிக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள்: "பேரு வெளிய வராததும் நல்லதுக்குத்தாம்ளா. அடுத்த பிள்ளைக்கு அதையே வச்சிக்கிடலாம்." அத்தை எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவும் இல்லை.

அத்தை புதைபடிவங்களை ஆராய்கிறவள். கோதாவரி ஓரத்துப் பாறையில் கிடைத்த ஆமை ஓடு ஒன்று அவள் கைக்கு வந்திருந்தது. டைனோசர் காலத்து ஆமை, ஜுராசிக் என்பாள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் அதன் படங்களைப் பரப்பி, ஓட்டின் தகடுகள் சேரும் கோடுகளை மற்ற ஆமைகளின் கோடுகளோடு ஒப்பிட்டபடியே இருப்பாள். முன்பே பெயர் வைத்த இனம் என்று தெரிந்துவிட்டால் புதுப்பெயர் வைக்க முடியாது. புது இனமாக இருக்கவேண்டுமே என்று ஜெபம்கூடப் பண்ணினாள். ஆமைக்கெல்லாமா ஜெபம் என்று அப்பா கேலி செய்தார், அத்தை சிரிக்கவில்லை.

எனக்கோ அதற்கு என் பெயரை வைக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"பொம்பளப்பிள்ள பேருன்னா இங்கிலீஷ்ல கடைசியில ஏ, ஈ வரும். ஆம்பள பேருன்னா ஐ வரும்," என்று அத்தை விளக்கினாள். "ஒருக்க வச்சிட்டா வச்சதுதாம்ளா. அதோட சொந்தத்துல வேற எதுக்கும் அந்தப் பேரக் குடுக்க முடியாது."

புது இனம்தான் என்று மற்ற ஆராய்ச்சியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். கட்டுரை அச்சில் வந்ததும் அத்தை அதை எடுத்துக்கொண்டு வந்தாள். பெயரின் முதல் பாதி என் வாயில் நுழையவில்லை. இரண்டாம் பாதியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜெமிமா, கடைசியில் ஒரு ஈ. என் பெயர் இல்லை.

"நம்ம சொந்தத்துல ஜெமிமான்னு யாருமே இல்லையே?" என்றார் அப்பா.

"சொல்லாம வச்சிருந்த பேருண்ணே," என்றாள் அத்தை.

அப்பா தலைகுனிந்துகொண்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஆமைக்கு என் பெயரை வைக்காமல் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. என் வருத்தத்தை விழுங்கிக்கொண்டு அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தேற்றினேன்.

"அழாதம்மா. அடுத்த ஆமைக்கு எம் பேர வச்சிக்கிடலாம்."

அதைக் கேட்டு அம்மாவுக்கு ஏன் அழுகை கூடியது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.