பாட்டுப்பெட்டி இருந்த மூலை

ஃபிஜித் தீவில், லவுத்தோக்கா ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நாங்கள் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தோம். காலையில் ரொட்டியும் கறியும், மத்தியானம் சோறும் பருப்பும், மாலை வரைக்கும் டீ. கரும்பு ஆலையில் வேலை செய்கிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ஃபிஜியப் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதில் நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மகளும் குடியிருந்தோம். கறி அவருடைய வேலை. ரொட்டி போடுவதும் கல்லாவில் உட்காருவதும் என் வேலை.

கடையின் மூலையில் ஒரு ஜூக்பாக்ஸ் இருந்தது. நாங்கள் அதைப் பாட்டுப்பெட்டி என்போம். நாந்தி பக்கம் ஏதோ ஹோட்டலில் பழையது என்று தள்ளியதை என் வீட்டுக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கை நகர்ந்து இசைத்தட்டை எடுத்து வைக்கும். ஹிந்திப் பாட்டு, ஃபிஜியர்களின் கித்தார்ப் பாட்டு, இங்கிலீஷ் பாட்டு எல்லாம் இருந்தன. தமிழ் இசைத்தட்டும் ஒன்று இருந்தது. என்னைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லை.

பாட்டைவிட அதன் விளக்குதான் ஜனங்களை இழுத்தது. பெட்டியின் இரண்டு பக்கமும் தூண் மாதிரி பிளாஸ்டிக். அதற்குள்ளே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊதாவும் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் வண்ணங்கள் ஏறும். சிலபேர் காசே போடமாட்டார்கள். டீயை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இவ்வளவு வண்ணமும் மேலே ஏறி எங்கே போகிறது என்று எனக்குக் கொஞ்ச நாள் புரியவில்லை. ஒருமுறை விளக்கு மாற்றுவதற்காக என் வீட்டுக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றியபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு டியூப்லைட் நின்றது. அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் உருளை ஒன்று. அதன்மேல் சாய்வாகப் பட்டை பட்டையாகச் சாயம் அடித்திருந்தது. அடியில் ஒரு சின்ன மோட்டார் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. எதுவும் மேலே ஏறவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. தகட்டை மூடியதும் மறுபடியும் வண்ணங்கள் ஏற ஆரம்பித்தன. பார்த்த பிறகும் எனக்கு ஏறுவதாகத்தான் தெரிந்தது.

அந்த மோட்டார் கிழடு. அணைத்தால் மறுபடி சுற்றச் சண்டித்தனம் பண்ணும், கையால் தள்ளிவிட வேண்டியிருக்கும். அதனால் பெட்டியை அணைப்பதே இல்லை.

அப்போதுதான் எங்களைப் போன்ற இந்தியர்கள் அதிகம் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து, ராணுவம் தலைநகர் சுவாவில் ஆட்சியைப் பிடித்தது. ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கடையில் இருந்த ஆலைக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்கள். எதற்குப் போகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் எல்லாம் வழக்கம்போல இருந்தது. அதற்கு அடுத்த நாள் அப்படி இல்லை. ஒரு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், அடுத்த வாரம் இந்தியர் யார் வீட்டிலோ கல் விழுந்தது என்பார்கள். எதிர்க்கடைத் தையற்காரர் ஒரு காலையில் கடையைத் திறக்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். பிறகுதான் கனடாவில் வான்கூவரிலிருந்து அவர் போன் பண்ணியதாகக் கேள்விப்பட்டோம். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகாத காலம் அது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தார். அடிக்கடி போன் பண்ணுவார். பேசி முடித்து வந்ததும் நான் கேட்பேன்.

"இன்னா சொன்னாரு?"

"வந்துடுன்னாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

"அப்ப போறோமா, இல்லியா?"

"போவலாம்னுதான் தோணுது. காலைல கடையத் தொறந்தா போவ வேணாம்னு தோணுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் மழுப்பவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தார். எனக்கும் அப்படித்தான். அரிசி வாங்கும்போது பெரிய மூட்டையா சின்ன மூட்டையா என்று நின்றுவிடுவேன்.

அதே வருஷம் இரண்டாம் தடவையும் ராணுவம் வந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கர்த்தருடைய நாளாம். கடை கூடாது, பஸ் கூடாது, விளையாட்டுக் கூடாது. நாங்கள் கதவைச் சாத்தி உள்ளே இருந்தோம்.

ஒரு ஞாயிறு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு பெய்தது. யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். கதவைத் திரும்பச் சாத்தப் போனேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். எங்கள் கடைக்கு வருகிற ஃபிஜியப் பையன். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். எப்போதும் ஒரே கித்தார்ப் பாட்டைத்தான் போடுவான். என்னை பௌஜி என்று, அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஹிந்திச் சொல்லால் கூப்பிடுவான். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பௌஜி, மிஷின் ஓடுது."

"ஓடலியே. பாட்டு எதுவும் இல்லியே."

அவன் துப்பாக்கி மாட்டாத கையால் கண்ணாடி ஜன்னலைக் காட்டினான். இருட்டுக் கடைக்குள் வண்ணங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஈரத் தெருவிலும் அதே சிவப்பும் பச்சையும் விழுந்து நகர்ந்தன.

என் வீட்டுக்காரர் வந்தார். "அது வெறும் விளக்குப்பா. பாட்டு இல்ல."

"ஞாயித்துக்கிழமை பாட்டு, டான்ஸ் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பாட்டும் இல்ல, டான்ஸும் இல்ல."

"விளக்கு ஆடுதே அண்ணா."

நான் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அணைத்தால் மோட்டார் நின்றுவிடும் என்று அவர் விளக்கினார். அவனுக்கு அது புரிந்தது, ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று மழையிலேயே முச்சந்திக்குப் போனான். அங்கே அவனுடைய மேலதிகாரி ஒரு ஜீப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது இன்னும் குழம்பிப் போயிருந்தான்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"விளக்கைப் பத்தி உத்தரவுல எதுவும் இல்லியாம். ஆனா வெளிய தெரியக் கூடாதாம். துணி போட்டு மூடச் சொன்னாரு."

கட்டில் மேலிருந்த விரிப்பை எடுத்து வந்து பெட்டிமேல் போர்த்தினேன். வெள்ளை விரிப்பு. அதற்குள்ளிருந்து வண்ணங்கள் இன்னும் பெரிதாக, மிருதுவாக ஏறின. பெட்டி முழுக்கவே விளக்கானது மாதிரி இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான். என் மகள் கைதட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, உடனே தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான். கடைசியில் மூவருமாக அந்தக் கனத்த பெட்டியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தோம். அவன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தோள் கொடுத்தான்.

டீ கொடுத்தேன். கடையில் கொடுத்தால் வியாபாரம் ஆகிவிடுமோ என்று பின்னறைக்குக் கூப்பிட்டேன். குடித்துக்கொண்டே கேட்டான்.

"நீங்களும் போறீங்களா?"

"தெரியாது," என்றேன். "நீ சொல்லேன். நாங்க போவணுமா?"

அவன் கோப்பையையே பார்த்தான். "எனக்கும் தெரியாது பௌஜி. கூப்பிட்டாங்க, உடுப்பு குடுத்தாங்க, வந்துட்டேன். நீங்க போயிட்டா நான் எங்க சாப்பிடறது?"

அவன்மேல் கோபப்படுவதா, இரக்கப்படுவதா என்று அன்றைக்கு முடிவு செய்ய முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

பிறகு ஒரு வேலைநாளில் அவன் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு வந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல் அந்தப் பெண்ணுக்கு. நவுவாவில் ஆற்றங்கரை மார்க்கெட் பக்கம் ஒரு கடை திறக்கப் போகிறாளாம். பாட்டுப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், தூணைத் தொட்டாள்.

"எப்ப எடுத்துக்கலாம்?" என்று அவன் கேட்டான்.

"எதை?"

"பெட்டியை. அண்ணன்தான் எனக்குத் தரேன்னாரு. நீங்க போறீங்களாமே."

நான் அடுப்பங்கரைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாம போறோம்னு ஊர்க்காரன் வந்து எனக்குச் சொல்றான். எப்ப முடிவு பண்ணீங்க?"

"முடிவு பண்ணலியே."

"பெட்டியக் குடுக்கறேன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்." கத்தியைக் கீழே வைத்தார். "எதையாவது ஒண்ணத் தூக்கிக் குடுத்தாத்தான் மனசு கிளம்பும்னு நெனச்சேன். சட்டி பானையக் குடுக்க முடியாது, நாளைக்குச் சமைக்கணும். மாவுப் பலகையக் குடுத்தா நீ திட்டுவ. அதான் அதைச் சொன்னேன்."

"இப்ப கிளம்பிடிச்சா மனசு?"

"இல்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போகிறதற்காக அழுகிறேனா, என்னிடம் சொல்லாததற்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெளியே அந்தப் பெண் பெட்டியின் தூசியைத் தன் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கரும்பு லாரி ஒன்றில் அது போயிற்று. அணைத்து வைத்ததும் வெறும் மரப்பெட்டியாகத் தெரிந்தது. ஏற்றும்போது ஒரு பக்கத் தூணில் கீறல் விழுந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நாங்கள் எதிர்பாராதது. மறுநாள் காலை கடைக்கு வந்த ஆலைக்காரர் ஒருவர் காலி மூலையைப் பார்த்தார். தரையில் பெட்டி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அவர் தட்டை வாங்காமல் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் கிளம்பிட்டீங்க."

"இல்லீங்க, அது வந்து…"

"சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கினு போறதில்ல. நீங்களாவது எங்க முன்னாடி பெட்டிய எடுத்தீங்க."

அவர் கண் கலங்கியது. கண் கலங்கிய ஒரு மனிதரிடம் நாங்கள் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அவர் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கோயில் பூசாரி மாலை கொண்டுவந்தார். ஊறுகாய் வந்தது, காய்ந்த மிளகாய் வந்தது. அங்கே கிடைக்காது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மார்க்கெட் பெண்கள் பின்னிய பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து கொடுத்துவிட்டு, எங்கள் கடையிலேயே வரிசையாக நின்று, ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குப் பாடுகிற பாட்டைப் பாடினார்கள். ஒருத்தி பாடும்போதே தேம்பினாள். நான் ரொட்டிக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதேன். என் மகள் என் முந்தானையை இழுத்து ஹிந்தியில் கேட்டாள், "அம்மா, நாம எங்க போறோம்?"

"தெரியல," என்றேன். அவளுக்கு என் தமிழ் அவ்வளவாகப் புரியாது. ஆனால் அந்தச் சொல் புரிந்தது.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"இத்தினி பேரு அழுதாச்சி," என்றார். "இனிமே இன்னா மூஞ்ச வச்சிக்கினு நாளைக்கு ரொட்டி போடறது?"

நான் அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டு வருகிறோம் என்று சொன்னார். நான் தடுக்கவில்லை. எனக்கும் மறுநாள் அந்த ஜனங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அனுமதி வரத் தாமதமாயிற்று. அதுவரை கடையை நடத்தினோம். பிரியாவிடை கொடுத்தவர்கள் அதே மேஜையில் வந்து சாப்பிட்டார்கள். இன்னும் போகவில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் சாப்பிடுகிறமாதிரி சத்தமில்லாமல் சாப்பிட்டுப் போனார்கள். சிப்பாய்ப் பையனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், அதன் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

ஆக்லாந்தில் என் வீட்டுக்காரருக்கு ரொட்டி ஆலையில் வேலை கிடைத்தது. நான் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தேன். குளிர் பழகச் சில வருஷம் ஆனது. ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் ராணுவம் வந்தது, அதனால் வந்தோம் என்போம். பொய் இல்லை. எங்களை யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. ஆனாலும் பொய் இல்லை.

ஒரு சனிக்கிழமைச் சந்தையில் சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தோம். "அண்ணே!" என்று ஒருவர் ஓடி வந்து என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். லவுத்தோக்காவில் பஸ் ஓட்டியவர், எங்கள் கடையில் சாப்பிட்டவர். குடும்பத்தோடு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. மெலிந்திருந்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க? ஏன் வந்தீங்க?" என்றேன்.

"நான் வர்றதாவே இல்லீங்க அக்கா. நல்ல வேலை, நல்ல வீடு. ஆனா கடையையே விட்டுட்டு நீங்களே போறீங்கன்னா ஏதோ தெரிஞ்சிதான் போறாங்கன்னு எம் பொண்டாட்டி சொன்னா. அன்னிக்கே இங்க வர அனுமதி கேட்டு எழுதிப் போட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னா தெரிஞ்சிச்சி உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் தட்டினேன்.

"வீட்டுக்கு வாங்க," என்றேன். "ரொட்டி போடறேன். சாப்பிட்டுப் பேசலாம்."