ரயில் எங்கே போய் நின்றது என்று கேட்டவர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் தூங்கினான். விடிந்தால் எழுத விடமாட்டான்.

வியாழன் காலை ராணி அக்காவின் மகள் தொலைபேசியில், "அம்மா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். கெல்சென்கிர்ச்சனில், மூடப்பட்டு இப்போது காட்சியகமாக இருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தை மாதம் ஒரு ஞாயிறு உங்களுக்குத் தமிழில் சுற்றிக்காட்டிய அக்கா இனி வரமாட்டார். பக்கத்தில் நின்று ஜெர்மன் பலகைகளை மொழிபெயர்த்தவள் நான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சுரங்கத்துக்கு முதலில் துப்புரவு வேலைக்குத்தான் வந்தார். நான் முதன்முதலாகச் சுற்றிப்பார்க்க வந்த அன்று, நீராவி இயந்திரத்தின் முன் நின்று, படித்த மிதப்பில், "வெள்ளைக்காரன்தான் எங்களுக்கு ரெயில் தந்தவன்" என்றேன்.

"தந்தான், சரி. அது எங்க போய் நிக்குது தங்கச்சி?"

"கொழும்பில."

"கொழும்புல எங்க?"

"துறைமுகத்தில" என்றபோதே, ரயில் வந்தது எங்களுக்காக அல்ல, தேயிலையைக் கப்பலேற்றத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா மற்றவர்களிடம் திரும்பினார். "இங்க கரி இயந்திரத்த ஓட்டுச்சு. இயந்திரம் பஞ்சு கேட்டுச்சு, ரப்பர் கேட்டுச்சு. செஞ்ச சாமான விக்கச் சந்தையும் கேட்டுச்சு. அதத் தேடித்தான் கப்பலும் பட்டாளமும் போச்சு. ஆலையில நிக்கிறவனுக்குத் தேத்தண்ணி வேணுமே, அதுக்கு எங்காளுகள தமிழ்நாட்டுலேருந்து மலைக்குக் கொண்டுபோனாங்க."

"அது தோட்டத்து ஆக்களின்ர கதை, எங்கட இல்லை" என்றார் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். நானும் யாழ்ப்பாணம்தான். வாய் திறக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

அக்கா சிரித்தார். "உங்களுக்கு இங்க என்ன வேலைண்ணே?"

"ஃபாப்ரிக்கில, ஆலை வேலை. மூண்டு ஷிஃப்ட்."

"அப்ப சங்கு ஊதுனா நீங்களும் ஓடணும். வாங்க, நம்ம கதையப் பாப்போம். இந்தக் குழியில எறங்குனவங்களும் வயல விட்டு வந்தவங்கதான். ஆனா சும்மா இருக்கல. கூடிநின்னு எட்டு மணி நேர வேலைய வாங்குனாங்க."

"நீங்களும் ஓடணும்" என்றதற்கு அந்த அண்ணைதான் அதிகம் சிரித்தார். அடுத்த மாதம் மனைவி பிள்ளைகளோடு வந்தார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: பிழையாகப் பேசியவரை விரட்டாமல், ஒரு கேள்வி கேட்டுக் கூடவே நடத்திக்கொண்டு போவது.

வரும் ஞாயிறு யார் நடத்துவது என்று சுரங்க அலுவலகத்தில் கேட்டார்கள். எட்டுப் பேராவது சேராவிட்டால் அந்த நேரம் வேறு குழுவுக்குப் போய்விடும், பிறகு திரும்பக் கிடைக்காது. என் பெயரைக் கொடுத்துவிட்டேன். தனியாகப் பேசப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பேசுவேன். பிள்ளையைக் கணவர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் வருவீர்களா? செவ்வாய்க்குள் பதில் எழுதுங்கள்.