நடுக் கீலுக்கு அடித்த வெல்டு

1984 ஜூலை 9, திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பது. தூறல், காற்று இல்லை. தாராவிக்குப் பின்னால் ஓடும் நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் குறுக்கே, நான் கணக்குப் போட்ட நடைபாலம் சாரத்தின் மேல் நின்றது. பன்னிரண்டு மீட்டர் இரும்பு வளைவு, 216 போல்ட். பதினோரு மணிக்குச் சாரத்தைப் பிரிக்க ஏற்பாடு. செம்பூர் டிசைன் ஆபீஸில் எட்டு வருஷம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்த பிறகு, நான் தனியாகக் கையெழுத்திட்ட முதல் டிராயிங் அதுதான்.

போல்ட்டுகளை எண்ணினேன்; சரி. கீல்களை எண்ணினேன். மூன்று இருக்க வேண்டும். கரைக்கு ஒன்றாக இரண்டுதான் இருந்தன. உச்சியில் அசைய வேண்டிய நடுக் கீலின் இரும்பு முளையைச் சுற்றி வளையல் போட்டதுபோல் வெல்டு.

பாலத்தைச் செய்தவர் காதர் பாய். திருநெல்வேலிக்காரர், தாராவியில் பட்டறை. நான் மேலே கைகாட்டியதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியளா சார்? தூக்கி வைக்கும்போது நடுவுல ஆட்டம் குடுத்துச்சு. பக்காவா அடைச்சுட்டேன். பில்லுல சேக்கல, நம்ம அன்பளிப்பு."

"பாய், அது ஆடத்தான் வேணும். இந்தக் கரை சேறு. கொஞ்சம் இறங்கினா நடுக் கீல் மடங்கிக் கொடுக்கும். வெல்டு இருந்தா மடங்காது. வளைவு விரிசல் விடும்."

"எறங்கும்னு தெரிஞ்சேதான் கட்டுதியளா?"

பட்டறை ஆட்கள் நான்கு பேரும் சிரித்தார்கள்.

"என் வெல்டு விட்டதா சரித்திரமே கிடையாது சார்."

"அதுதான் பாய் என் பயமே."

அவர் கரையைப் பார்க்கக் குந்தினார். அவர் முட்டி சொடுக்கியது.

"முட்டிக்கும் ஒரு வெல்டு அடிச்சுடலாமா பாய்? ஆட்டம் நின்னுடும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிரைண்டரை எடுங்கடே" என்றார். பிறகு என்னிடம், "போல்ட்டு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கிய. இதை ஒரு வரி எழுதப்படாதா?"

டிராயிங்கில் நாற்பத்தொரு குறிப்புகள் எழுதியிருந்தேன். இது அசைய வேண்டும் என்று ஒன்றிலும் இல்லை. கீல் என்றால் அசையும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

தார்ப்பாய்க்குக் கீழே வெல்டைத் தேய்த்தெடுத்தபடி கிரைண்டர் இரண்டு மணி நேரம் கத்தியது. பத்து ஐம்பதுக்கு மூன்றாவது கீல் அசைந்தது. பதினொன்றுக்குச் சாரத்தைப் பிரித்தார்கள். நான் பாலத்தைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து அளந்தபோது தாராவிப் பக்கக் கரை பதினோரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கீல் மடங்கிக் கொடுத்திருந்தது. இரும்பில் ஒரு கீறல் இல்லை. காதர் பாய் அதை வெகுநேரம் பார்த்தார்.

"சரி சார், நீங்க செயிச்சிட்டிய. ஆனா அன்பளிப்பை வேணாம்னுட்டிய பாருங்க, அப்போ அது அன்பளிப்பு இல்ல. வெல்டு அடிச்ச ராடுக்குக் காசு குடுங்க. பதினாறு ராடு."

டைரியைப் புரட்டினேன். அன்று சாரத்தடியில் எரிந்து மிஞ்சிக் கிடந்த ராடு துண்டுகளை எண்ணிக் குறித்திருந்தேன்: பதினான்கு.

"இதையுமா சார் எண்ணுவிய?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கீல் வரைந்த இடத்திலெல்லாம் "அசைய வேண்டும், வெல்டு கூடாது" என்று எழுதினேன். இளம் பொறியாளர்களே, நீங்களும் எழுதுங்கள். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை ஆபீஸ் கணக்கில் காட்ட முடியாது. என் சட்டைப்பையிலிருந்துதான் கொடுத்தேன். ராடு ஒன்றரை ரூபாய் வீதம், பதினான்குக்கு இருபத்தொரு ரூபாய்.