மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் டெர்மினல். பெயர் வேண்டாம். கேட் அறைக்குள் நுழைந்தால் நாற்காலியில் ஆள் இல்லை, கணினி மட்டும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எந்தக் கண்டெய்னரையும் எந்த லோரிக்கும் விடுவித்துவிடலாம். இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அரசாங்க விதி. துறைமுகக் கணினிகளின் பாதுகாப்பைச் சோதிப்பதுதான் பல வருடங்களாக அரசாங்கத்தில் என் வேலை. என்னிடமா விளையாட்டு?

மவுஸைத் தூக்கினேன். அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடிமுள் நகர நகர, யாரோ மவுஸை அசைப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. கோபத்தோடு சிரிப்பும் வந்தது, மறைப்பானேன்.

"யாரு வேலை இது?"

கேட் கிளார்க் ஆறுமுகம் வெளியிலிருந்து ஓடிவந்தார். "என் வாட்ச்தான் மேடம்."

என்னோடு வந்திருந்த டெர்மினல் மேனேஜர் முந்திக்கொண்டார். "இது இவரோட சொந்தத் தப்பு மேடம். ரிப்போர்ட்ல இவர் பேரப் போட்டுருங்க, இன்னிக்கே சஸ்பெண்ட் பண்ணிடறோம்."

ஆறுமுகத்துக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் வாய் அடங்கவில்லை. "ரெண்டு நிமிசம் எப்படி மேடம் பத்தும்? சீல் நம்பர் பாத்துட்டு வரதுக்குள்ள ஸ்கிரீன் லோக் ஆயிருது லா. ஃபார்ம் மறுபடியும் முதல்லேருந்து. லோரிக்காரங்க ஹார்ன் அடிச்சே கொல்றாங்க. நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க."

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்டெய்னரைச் சுற்றி வந்து, சீல் எண்ணைக் குறித்து, டிரைவரின் கார்டைச் சரிபார்த்துத் திரும்ப ஏழு நிமிடம். அடுத்த லோரிக்கும் அதேதான்.

அந்த இரண்டு நிமிட விதியை எழுதியது யார் தெரியுமா? நான்தான். ஷா ஆலம் நகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், ஏர்கான் குளிரில், என் மேசையை விட்டு எழுந்திருக்காமலே எழுதியது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதற்காகத் திரையைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியுமா? முடியாது. வேலை அட்டையைச் சொருகினால் கணினி திறக்க வேண்டும், உருவினால் உடனே பூட்ட வேண்டும், ஃபார்ம் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். டெர்மினலுக்கு நான்கு வாரக் கெடு கொடுத்தேன்.

என் டைரக்டர் ராஜன் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது, நம்ம விதிதான் தப்புன்னு நம்ம மேல நாமளே எழுதிக்கறதா? அந்தக் கிளார்க் பேரப் போட்டு முடிச்சுருங்களேன்."

"அவரத் தூக்கிட்டா மட்டும் லோரி சீக்கிரமா போயிருமா சார்? அடுத்து வரவரும் ஏதாச்சும் வழி கண்டுபிடிப்பாரு."

ராஜன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆறுமுகம் மறுநாளும் வேலைக்குப் போனார்.

புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு ஒன்று சொல்வேன். அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதில் அடுத்தவர் பெயரை எழுதுவதற்கு முன் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். பொருந்தினால் அழிக்காதீர்கள். நான் அழிக்கவில்லை.