உள்ளே வைத்த பொட்டு

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். போன ஆயுத பூஜை கழிந்த கொஞ்ச நாளில், மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவரிடமும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

மூடியைக் கழற்றியதும் கோபம் தலைக்கேறிவிட்டது. உள்ளே ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும். ஃபேனுக்குப் பொட்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு. ரேம் என்று நாங்கள் சொல்லும் மெமரிக்கும் பொட்டு. சின்னப் பச்சைப் பட்டையில் கறுப்புச் சில்லுகள் வரிசையாக ஒட்டியிருக்குமே, அதுதான். சந்தனத்தை ரொம்பத் தண்ணியாகக் கரைத்திருக்கிறார். அது வழிந்து ரேம் செருகும் பள்ளத்துக்குள் இறங்கி, ஈரம் காய்வதற்குள் சுவிட்சைப் போட்டதில் கருகிப் போயிருந்தது.

"கம்ப்யூட்டருக்கு உள்ளாற யாராச்சும் பொட்டு வெப்பாங்களாக்கா?" என்று சத்தம் போட்டேன்.

"வெளிய வெச்சா போதும்னுதான் கண்ணு மொதல்ல நெனச்சேன். ஆனா எங்க வூட்டுக்காரரு பேசறது உள்ளாற இருந்துதான வருது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

அவருடைய கணவர் தக்காளி மண்டியில் ஏலம் கூவியவர். பக்கவாதம் வந்து கை கால்களோடு வாயும் போய்விட்டது. வலது கையில் ஒரே ஒரு விரல் அசையும். ஏதோ ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் தங்கள் படிப்புக்காகச் செய்த புரோகிராம் ஒன்றை இந்தக் கம்ப்யூட்டரில் போட்டு அவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொரு எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வரும்போது விரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் அது கீழே விழும். பூஜை வரைக்கும் அவர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். இப்போது கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், மூடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

"நாம கேட்டா பதில் சொல்லுவாரு. எம்மேல கோவமான்னு கேட்டேன், இல்லைங்கறாரு. ஆனா மூஞ்சி எந்நேரமும் எதையோ கேக்கற மாதிரியே இருக்குது கண்ணு."

அதற்குமேல் எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

முதலில் குறுக்கு வழிதான் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். எழுத்துகள் வந்தன. ஆனால் அந்தப் பொத்தானின் வயர், பழைய பிரிண்டர்களுக்கு இருந்த அகலமான சொருகியில்தான் போகும். இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. இடையில் ஒரு கன்வெர்ட்டர் போட்டுப் பார்த்தும் புரோகிராம் பொத்தானைக் கண்டுகொள்ளவில்லை. ஆக இந்தப் பெட்டிக்கே உயிர் வந்தாக வேண்டும். ரேம் செருகும் இரண்டு பள்ளங்களில் ஒன்று கருகிவிட்டது, இன்னொன்று பிழைத்திருந்தது. ரேம் செத்துவிட்டது. பூஜைக்காக அந்த அக்கா அதன் ஸ்டிக்கரை ஈரத்துணியால் துடைத்துவிட்டதில், எவ்வளவு கொள்ளளவு, என்ன வேகம் என்று சொல்லும் எழுத்தும் அழிந்துபோயிருந்தது.

கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய ரேம்கள் கிடக்கின்றன. அதைத் தரையில் கொட்டினேன். ஒவ்வொரு தலைமுறை ரேமுக்கும் அடிப்பக்கத்து வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கும். செத்த ரேமோடு சேர்த்துப் பிடித்து, வெட்டு ஒன்றுக்கொன்று நேராக வந்தவற்றை மட்டும் ஒதுக்கினேன். அடுத்தது வேகம். பாதிக்குமேல் ஸ்டிக்கர் இல்லாதவை. அப்போது சில்லின் முதுகைத்தான் படிக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நீளமான எண்ணின் கடைசியில் ஒரு சின்னக் கோடு போட்டு ஐந்தோ ஆறோ இருக்கும். அது அந்தச் சில்லு எடுத்துக்கொள்ளும் நேரம். எண் சிறியதானால் வேகம் அதிகம். செத்ததன் சந்தனத்தைச் சுரண்டினால் ஆறு இருந்தது. ஐந்தைப் போட்டாலும் பரவாயில்லை, வேகமான ரேம், அதைச் செருகும் மதர்போர்டின் நடைக்கு இறங்கிவந்து ஓடும்.

அப்படி நம்பி ஒரு ஐந்தைச் செருகினேன். கம்ப்யூட்டர் நீளமாகக் கத்தியது. வெட்டும் சரி, வேகமும் சரி, போர்டு மட்டும் மாட்டேன் என்கிறது. ஜாதகமெல்லாம் பொருந்தியும் தட்டிப்போகிற சம்பந்தம் மாதிரி. பெரிய கொள்ளளவை அடக்குவதற்காகச் சில்லுகளை வேறு விதமாக அடுக்கிய ரேம் அது. சில போர்டுகள் அதை ஏற்கும், இது ஏற்காத ஜாதி. அடுத்து வந்தவற்றில் பாதி அதே ரகம், மீதி செத்தவை. கெட்ட வார்த்தை சொல்லித்தான் ஒவ்வொன்றையும் பிடுங்கினேன்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கொள்ளளவு குறைவு. ஒரு பக்கம் மட்டும் சில்லு, முதுகில் ஆறு. பள்ளத்தில் இறங்கும் அதன் உலோகக் கால்கள் கறுத்துக் கிடந்தன. அழிரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்துச் செருகினேன். சின்னதாக ஒரே ஒரு பீப் கேட்டது, போர்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்காக அழுதேன் என்றால் எங்கள் தொழிலில் சிரிப்பார்கள். அழுதேன்தான்.

பஸ் குலுங்கினால் ரேம் கழன்றுவிடும் என்று சாக்குச் சொல்லி, பெட்டியை நானே மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோனேன். ஜன்னலோரக் கட்டிலில் அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வயரை மாட்டி, பொத்தானை விரலுக்கு அடியில் வைத்தேன். வெளிச்சம் நகரத் தொடங்கியது. எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் மனைவியைத் திட்டுவார். அந்த அக்காவும் திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றிருந்தார்.

எழுத்துகள் மெதுவாக விழுந்தன. 'ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க.'

அந்த அக்காவின் முகம் வெளுத்தது. என்னிடம் வருவதற்கு முன்பிருந்தே, கம்ப்யூட்டர் கடை தேடி என்று சொல்லிவிட்டுத் தருமபுரி வந்த நாளெல்லாம் அவர் மெடிக்கல் காலேஜுக்கும் போய்வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கணவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. கண்ணை மூடி மூடிப் பதில் சொல்லலாம், கேள்வி எப்படிக் கேட்பது?

"ஒண்ணுமில்லீங்க. சத்து மாத்திரை குடுத்தாங்க."

வெளிச்சம் மறுபடியும் வரிசை வரிசையாக இறங்கியது. நாங்கள் காத்திருந்தோம். 'பொய்' என்று விழுந்தது.

அந்த அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மார்ல கட்டிங்க. சீக்கிரமா ஆப்பரேசன் பண்ணணுமாம். நான் படுத்துட்டா உங்களை யாரு பாக்கறது? அதான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் எழுதினார். 'போ.' அந்த அக்கா தலையை ஆட்டி மறுத்தார். வெளிச்சம் திரும்பி வரும்வரை பொறுத்திருந்து கணவர் மறுபடி அதையே அழுத்தினார். திரும்பவும், திரும்பவும். திரையில் ஒரு வரி நிறைந்து அடுத்த வரியிலும் போ, போ என்று விழுந்துகொண்டிருந்தது. வியர்வை வழிந்தது, நிறுத்தவில்லை. "செரிங்க, போறேன்" என்று அந்த அக்கா வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்த விரல் நின்றது.