அமலுக்கு முன்னால் அன்பரசி

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வதந்தி. பிரின்சியின் லேப்டாப்பை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினாலும் அது வேறொருவர் வீட்டில் அப்படியே முளைத்துவிடுமாம். "நானே பாத்தேன்" என்றார் கொளஞ்சியப்பன். அவர் பார்க்காதது ஊரில் எதுவும் கிடையாது. ஆகவே விசாரிக்க வேண்டியதாயிற்று.

முளைப்பது லேப்டாப் அல்ல, அதற்குள் இருக்கும் ஒரு பெட்டி. பிரின்சி லினக்ஸ்காரி, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்குகிறவள். தனக்கு வேண்டிய கருவிகளையெல்லாம் கண்டெய்னர் என்ற மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். பெட்டியில் என்னென்ன போக வேண்டும் என்று ஒரு கோப்பும் உண்டு. அந்தக் கோப்பை எந்தக் கம்ப்யூட்டரில் கொடுத்தாலும் அதே பெட்டி தயாராகும் என்பது அவள் வாக்கு.

வாக்குக்குச் சோதனை போன வியாழக்கிழமை, வெள்ளிமலையில் ஒரு அறக்கட்டளை அலுவலகத்தில். மலைப்பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்து இருநூறு பேரின் பட்டியலை அகர வரிசையில் அடுக்கித் தருவது பிரின்சியின் வேலை. வீட்டில் வந்த அதே பட்டியல் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் பிசகாமல் வர வேண்டும். நாலு மணிக்குள் வராவிட்டால் வேலை சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும். பிரின்சி வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அது ஒன்றுதான்.

அலுவலக நெட் வழக்கம்போல் படுத்திருந்தது. பொறுப்பாளர் தேவிப்ரியா தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். மூன்றரைக்குப் பெட்டி தயார். பட்டியல் வந்தது. அமலுக்கு முன்னால் அன்பரசி நின்றாள்.

"இன்னா பிரின்சி இது? கடைசி எழுத்து 'ன', 'ம'வுக்கு முன்னாடி வந்து குந்திக்கினு கீது?"

பிரின்சிக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன் வீட்டிலும் இதே கோளாறு. அன்று பெட்டியைத் திறந்து தமிழ் வரிசையைக் கையால் உள்ளே போட்டாள். கோப்பில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம், வெள்ளிமலையில் வந்து காத்திருந்தது.

"ஒரு வரி உட்டுட்டேன் மேடம். மறுபடி கட்டணும்."

"கட்டு, கட்டு. என் நெட்டு தீந்துக்கினு வருது."

இப்போதும் கையால் போட்டுவிடலாம். ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது. விரல் அதற்குத்தான் போனது. போட்டால் அடுத்த கம்ப்யூட்டரில் அன்பரசி மறுபடியும் முண்டியடிப்பாள். கோப்பில் வரியை எழுதினாள். பெட்டியை அழித்தாள். முதலிலிருந்து கட்டச் சொன்னாள்.

எண்பது சதவீதம். தொண்ணூறு. டேட்டா முடியப்போகிறது என்றது போன். தேவிப்ரியா அதைச் சன்னல் கம்பியில் சாய்த்துவிட்டு அசையாமல் நின்றார்.

மூன்று ஐம்பத்தாறு. பெட்டி தயார். புதுப் பட்டியலை வீட்டுப் பட்டியலோடு ஒப்பிடக் கட்டளை தட்டினாள். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"போச்சா?"

"இல்ல மேடம். வித்தியாசம் இருந்தாதான் இது வாயத் தொறக்கும்."

"எங்க வூட்டுக்காரருக்கும் இதக் கத்துக் குடேன்."

வேலை தங்கியது. தேவிப்ரியாவின் ஒன்றரை ஜிபி தங்கவில்லை. "நைட்டு சீரியல இன்னாத்துல பாக்கறது?"

"தந்துடறேன் மேடம்" என்ற பிரின்சி, மறக்காமல் இருக்கக் கோப்பின் அடியில் குறிப்பாகவே எழுதிவிட்டாள்: 'மேடத்துக்கு ஒரு நாள் நெட்.' குறிப்பு வரிகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். பிரின்சியும் இதுவரை அப்படித்தான்.